மாமனார் உட்கார்ந்த இடம்

டெய்லரக்கா அந்தக் குழுவில் சேர்ந்தது ஒரு கொக்கியால்தான்.

நூலக மண்டபத்தின் எட்டு ஜன்னல்களுக்கும் திரைச்சீலை தைத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். தைத்துக் கொண்டுபோய், ஏணியில் ஏறி மாட்டிக்கொண்டிருந்தாள். ஏழு ஜன்னல் முடிந்து எட்டாவதற்கு வந்தபோது மண்டபத்தில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முன்னால் ஒரு மேஜர், கஞ்சி போட்ட சீருடையில் விறைப்பாக நின்றுகொண்டு, காகிதத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ கூட்டம், நம் வேலையை நாம் பார்ப்போம் என்று அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயில் நாலு கொக்கியைக் கவ்வியபடி ஐந்தாவதை மாட்ட வலது கையை உயரத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேஜர், "ஊர்மக்கள் சார்பா குழுவுல சேர விருப்பம் இருக்கறவங்க கை தூக்கலாம்" என்றார்.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். எழுந்தது மூன்று கை. மருந்துக்கடைக்காரர் கை ஒன்று, லாரி ஷெட் முதலாளி கை ஒன்று, ஏணி மேல் ஒன்று. குமாஸ்தா மூன்றையும் எழுதிக்கொண்டார். அவள் மறுத்திருக்கலாம். ஆனால் நாலு கொக்கியையும் வாயிலிருந்து எடுத்து முடிப்பதற்குள் எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். கை தட்டிய பிறகு இல்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

விஷயம் இதுதான். ஊரின் கிழக்கு ஓரத்தில் ராணுவ முகாம் இருந்தது. ஒரு காலத்தில் முந்நூறு லாரிகள் நின்ற இடம். லாரிகளின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ ஒரு திரவம் வைத்திருந்தார்கள். கழுவியது போக மிச்சத்தைக் குழி வெட்டி ஊற்றினார்கள். ஊற்றியது மண்ணுக்குள் இறங்கி, வேலியைத் தாண்டி, கிழக்குத் தெருக் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. ஆறு வருஷமாக அந்தத் தெருவில் வாளியை மேலே இழுத்தால் மண்ணெண்ணெய்க்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு வாடை. முகாமில் மூன்று குழிகளைக் கண்டுபிடித்து, தோண்டி, மண்ணை அள்ளிப்போய்விட்டார்கள். வாடை மட்டும் அப்படியே இருந்தது. சுத்தம் செய்கிற வேலையில் ஊர்க்காரர்களையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருப்பதால், இந்தக் குழு.

டெய்லரக்கா குடியிருந்ததும் அதே கிழக்குத் தெருவில்தான். கடை மட்டும் கடைவீதியில். ஒரே கடையை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் அவளுடைய தையல் மெஷின், அந்தப் பக்கம் அவள் கணவரின் சலூன். செய்தியைக் கேட்டதும் கணவர் பலகைக்கு மேலே தலையை நீட்டினார். கையில் சோப்பு நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"முகாமுல இருக்கற இருநூறு தலையும் என் கத்தரிக்குக் கீழ வர்ற தலை. நீ அங்க போய் ஏதாவது கேட்டு வெச்சேன்னா, நாளைக்கு அத்தனை பேரும் முடி வளத்துக்கிட்டுப் போயிடுவான்."

"ராணுவத்துல முடி வளக்க விடமாட்டாங்கங்க."

தலை பலகைக்குக் கீழே இறங்கிவிட்டது.

இரண்டாவது கூட்டத்தில் குழுவுக்கு இரண்டு தலைவர்கள் வேண்டும் என்றார்கள், ராணுவத்தின் சார்பில் ஒருவர், ஊரின் சார்பில் ஒருவர். மருந்துக்கடைக்காரர் மேடைப் பேச்சில் பிரியமுள்ளவர். அவருக்கு லாரி ஷெட் முதலாளியைக் கண்டால் ஆகாது. முதலாளிக்கு இவரைக் கண்டால் ஆகாது. இவர் வந்தால் நான் எழுந்து போவேன் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். மிச்சம் இருந்தது டெய்லரக்கா. அப்போது அவள் அவசரமாகத் தர வேண்டிய ஒரு பேன்ட்டுக்கு மடியில் வைத்து ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது தலைவர் ஆகியிருந்தாள்.

தலைவர் ஆனதும் அவளுக்கு ஒரு கவலை வந்தது. கூட்டத்தில் பேசுகிறவற்றில் பாதி அவளுக்குப் புரியவில்லை. புரியாததற்குத் தலையாட்டிப் பழக்கமும் இல்லை. கால்சட்டையை 'ஃபிட்டா' வேண்டும் என்று வருகிறவரிடம், எங்கே ஃபிட்டாக, இடுப்பிலா, தொடையிலா, கணுக்காலிலா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். அதே வழியில் இங்கேயும் கேட்டாள்.

மூன்றாவது கூட்டத்தில் மேஜர், திரையில் ஒரு படத்தைக் காட்டி, "மிச்சம் இருக்கற மாசுக்கு, கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிவு முறையப் பரிந்துரை செய்யறோம்" என்றார்.

"அப்படின்னா என்னங்க?" என்றாள்.

"நிலத்துக்கே தன்னத் தானே சரி பண்ணிக்கற சக்தி இருக்கும்மா. காலப்போக்குல மாசு தானா குறையும்."

"அப்ப நாம என்ன செய்யப் போறோம்?"

"இயற்கையச் செய்ய விடுவோம்."

"அதாவது, நாம ஒண்ணும் செய்யப் போறதில்ல."

"கண்காணிப்போம்மா."

"ஒண்ணும் செய்யாம, அதப் பாத்துக்கிட்டும் இருப்போம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேஜர் நல்ல மனிதர்தான். அவர் காது சிவந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் மண் ஆய்வாளர் உட்கார்ந்திருந்தாள். மண்ணைத் துளைத்துச் சோதனை செய்ய ராணுவம் அமர்த்திய கம்பெனியின் பொறியாளர், முழங்கால்வரை பூட்ஸ் போட்ட இளம் பெண். அவள் சிரிப்பை அடக்கக் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள்.

குமாஸ்தா கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியாமல் மேஜரைப் பார்த்தார். "தலைவர் விளக்கம் கேட்டார், எழுதுய்யா" என்றார் மேஜர்.

சுவரில் முகாமின் வரைபடம் ஒட்டியிருந்தது. நாலு பெரிய தாள்களைச் சேர்த்து ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது. மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் டெய்லரக்கா அதன் முன்னால் போய் நின்றாள். குழிகளைப் பார்க்கவில்லை. அவள் கண் போனது தாளும் தாளும் சேரும் இடத்துக்கு. கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கிறவளுக்கு அதுதான் முதலில் தெரியும். இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கத்துக் கோட்டோடு போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் வெட்டியது தப்பு. இங்கே சேரவில்லை. வாசலிலிருந்து லாரிக் கொட்டகைக்குப் போகும் சாலை, ஒட்டிய இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளி நாலு விரல்கடை கீழே இறங்கி மறுபடி நடந்தது.

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள். எல்லாக் கட்டமும் ஆறு அங்குலம். ஒட்டிய இடத்தில் இருந்த கட்டம் மட்டும் இரண்டு.

"இதுல ஒரு பட்டை காணோம்" என்றாள், டீ டம்ளரோடு வந்த மேஜரிடம்.

"அச்சுப் பிழையா இருக்கும்மா."

"அச்சுல கோணலாகும், மங்கலாகும். நாலு அங்குலம் எங்கங்க போகும்? துணி வெட்டறப்ப நடுவுல ஒரு பட்டைய வேற யாருக்கோ ஜேப்பு வைக்க வெட்டி எடுத்துட்டு, ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிச்சு ஒட்டின மாதிரி இருக்கு."

மண் ஆய்வாளர் வந்து பார்த்தாள். டேப்பை வாங்கி அவளும் அளந்தாள். பிறகு போனில் ஏதோ கணக்குப் போட்டாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"சார், நாலு அங்குலம்னா தரையில நூத்தம்பது மீட்டர். நான் மூணு வருஷமா துளை போட்டது எல்லாம் இந்த வரைபடத்த வெச்சுத்தான். அந்த நூத்தம்பது மீட்டர்ல ஒரு துளைகூடப் போடல."

மூன்று நாள் கழித்து குழு முழுவதும் முகாமுக்குள் போய் நேரில் பார்ப்பது என்று முடிவானது.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது டெய்லரக்கா இதைச் சொன்னாள். கணவர், "அளக்கறதுக்கு உனக்கு வேற எதுவுமே கிடைக்கலயா?" என்று நொந்துகொண்டார். எதிரே மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது. முகாமில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'. முகாமைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். அந்தப் பழக்கம் நாளாக ஆக மற்ற பேச்சுக்கும் பரவி, கடைசியில் "ம்" என்பதையே நாலைந்து விதமாகச் சொல்லிக் குடித்தனம் நடத்தினார். பசி என்பதற்கு ஒரு 'ம்', போதும் என்பதற்கு ஒரு 'ம்', மகனின் யோசனை முட்டாள்தனமானது என்பதற்கு ஒரு நீளமான 'ம்'.

அன்றைக்கு அவர், "எந்தப் பட்டைம்மா?" என்றார்.

இரண்டு முழு வார்த்தைகள். கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கிழக்கு வேலிக்கும் பழைய லாரிக் கொட்டகைக்கும் நடுவுல, மாமா."

மாமனார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். ஐந்து நிமிஷம் கழுவினார். அவள் பின்னாலேயே போய் நின்றாள்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"என்னன்னு?"

"முகாமப் பத்தி வாயாலயும் சொல்லமாட்டேன், கையாலயும் எழுதமாட்டேன்னு. நாப்பத்தோரு வருஷமாச்சு." துண்டில் கையைத் துடைத்தார். "போட்டா போட்டதுதான்."

அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள், அதற்கு மறுநாள், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில், குழுவை ஏற்றிப்போக வந்த வேனுக்கு அவள் கிளம்பும்போது, மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு, வீட்டிலிருந்த இரும்பு மடக்கு நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நீங்களும் வர்றீங்களா மாமா?"

"ம்."

"நாற்காலி எதுக்கு?"

"கால் வலி."

அவருக்கு இரண்டு காலும் கம்பி மாதிரி இருந்தது. தினமும் நாலு மைல் நடக்கிறவர். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

முகாம் வாசலில் எல்லாருக்கும் மஞ்சள் தலைக்கவசமும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரருக்குக் கிடைத்த பூட்ஸ் இரண்டும் இடது கால். மாற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர் அப்படியே போட்டுக்கொண்டு, முகாம் முழுக்க ஒரு பக்கமாகவே சாய்ந்து நடந்தார். மேஜர் முன்னால் போய் முதல் குழியைக் காட்டினார், இரண்டாவதைக் காட்டினார். மூன்றாவதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது டெய்லரக்கா திரும்பிப் பார்த்தாள். மாமனாரைக் காணவில்லை.

தூரத்தில், கொட்டகைக்குப் பின்னால், இடுப்பளவு களைச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் தலைக்கவசம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நின்றது. இடது பக்கம் ஒரு ஒற்றைக் கம்பத்தைப் பார்த்தது, வலது பக்கம் வேலி மூலையைப் பார்த்தது, இரண்டு எட்டு பின்னால் வந்தது. பிறகு நாற்காலியை விரித்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஐயா! அங்க ஒண்ணும் இல்ல! இந்தப் பக்கம் வாங்க!" என்று மேஜர் கூப்பிட்டார். தலைக்கவசம் அசையவில்லை.

எல்லாரும் களையைத் தள்ளிக்கொண்டு அங்கே போனார்கள்.

"உடம்புக்கு முடியலையா ஐயா? டாக்டரக் கூப்பிடவா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப எழுந்திரிங்க, போகலாம்."

"எனக்கு இங்கயே உக்காரணும்போல இருக்கு."

"இங்கயேன்னா, ஏன் இங்க?"

"அதச் சொல்ல முடியாது."

"ஏன் சொல்ல முடியாது?"

"அதையும் சொல்ல முடியாது."

மேஜர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு டெய்லரக்காவைப் பார்த்தார். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயால் சொல்லவில்லை, கையால் எழுதவில்லை. உட்காரக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

அவள் மண் ஆய்வாளரின் கையைப் பிடித்தாள். "அம்மா, உன்கிட்ட இரும்பு தேடற மெஷின் ஒண்ணு இருக்குமே, அதக் கொஞ்சம் கொண்டாயேன்."

மெஷின் வந்தது. நீளக் கம்பின் நுனியில் தட்டு வைத்தது. மாமனாரின் காலடியில் நீட்டியதும் அது தொண்டை கிழியக் கத்தியது.

"நாற்காலி!" என்றார் மேஜர் நிம்மதியாக. "இரும்பு நாற்காலியாச்சே, கத்தத்தான் செய்யும்."

மாமனார் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். இருபது அடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். மண் ஆய்வாளர் மறுபடி தட்டை நீட்டினாள். அது முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அவள் நாலு அடி நடந்தாள், கத்தியது. பத்து அடி நடந்தாள், கத்தியது. வேலிவரை போய்த் திரும்பி வந்தாள். ஒரு இடத்திலும் அது மூச்சு விட நிற்கவில்லை.

மேஜரின் முகம் மாறியது. இரண்டு கையையும் விரித்தார். "யாரும் அசையாதீங்க. பழைய குண்டா இருக்கலாம்."

அசையாதீர்கள் என்ற சொல் முடிவதற்குள் மருந்துக்கடைக்காரர் இரண்டு இடது காலோடு வேனுக்குள் இருந்தார். லாரி ஷெட் முதலாளி அவருக்கு முன்னாலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்தப் பார்த்ததாகப் பிற்பாடு ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

"குண்டெல்லாம் இல்ல," என்றார் மாமனார். "வெறும் பீப்பாய்ங்க."

சொன்ன அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்காலி கீழே விழுந்தது. நாற்பத்தோரு வருஷம் காத்த சொல் ஒரு நொடியில் போய்விட்டது அவருக்கு.

வேனில் திரும்பினார்கள். மாமனார் வீட்டுக்கு வந்ததும், கிணற்றடியில் போய் உட்கார்ந்தார். டெய்லரக்கா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க சொன்னதுல தப்பே இல்ல."

"சொன்னது தப்பில்லம்மா. சொல்லாததுதான்." அவர் கிணற்றுக்குள் பார்த்தார். "லாரி கழுவற திரவம், எழுபது பீப்பாய். நாலு நடை. நான்தான் ஓட்டினேன். இறக்கி, மண்ணத் தள்ளி மூடினோம். முடிஞ்சதும் கையெழுத்து வாங்கினாங்க."

அவளுக்குச் சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததே இல்லை. துணி துவைக்க, தரை கழுவ மட்டும்தான். குடிக்க, சமைக்க எல்லாம் மாமனார் சைக்கிளில் மேற்குத் தெருக் குழாயிலிருந்து இரண்டு குடம் கட்டிக்கொண்டு வருவார். மழையிலும் போவார், காய்ச்சலிலும் போவார். கேட்டால், "நம்ம கிணறு உப்பு" என்பார். தண்ணீரில் வாடை வருவதற்கு வெகு முன்னால் அவள் ஒரு முறை ஒளிந்து குடித்துப் பார்த்திருக்கிறாள். உப்பே இல்லை. பெரியவருக்கு நாக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"உப்புன்னு சொன்னீங்களே மாமா."

"நம்ம வீட்டுக்கு உப்புன்னு சொன்னேன்." டம்ளரைத் தொடாமல் தள்ளி வைத்தார். "தெருவுக்குச் சொல்லலையேம்மா."

டீ ஆறிப்போய் ஏடு படியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

நாலு நாள் கழித்து மேஜர் வீட்டுக்கு வந்தார். சலூனிலிருந்து ஓடிவந்த கணவர், கையில் சீப்போடு, "நான் அப்பவே சொன்னேங்க, இவங்க ரெண்டு பேரும்தான்..." என்று ஆரம்பித்தார். மேஜர் அவரைக் கவனிக்கவில்லை. மாமனாருக்கு முன்னால் அட்டென்ஷனில் நின்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஐயா, நீங்க கையெழுத்துப் போட்ட பத்திரத்த ஆவணக் காப்பகத்துலேருந்து எடுத்துட்டோம். இதுல ஒரு விஷயம் உங்களுக்கு யாரும் சொல்லல போலிருக்கு. இது இருபத்தஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும். அதுக்கப்புறம் நீங்க தாராளமாப் பேசலாம்."

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"அப்ப பதினாறு வருஷமா..."

"ஆமாங்க ஐயா."

"பதினாறு வருஷமா நான் சும்மாவேவா வாய மூடிட்டு இருந்தேன்?" அந்த வீட்டில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "ஒரு கடுதாசி போடத் தெரியாதா உங்களுக்கு? லாரிக்கு டயர் மாத்தற தேதிய மட்டும் ஞாபகம் வெச்சிருப்பீங்க, மனுஷனுக்கு வாயத் திறக்கற தேதி ஞாபகம் இருக்காதா?"

மேஜர் தலை குனிந்துகொண்டார். பிறகு, தப்பை ஒப்புக்கொள்கிற நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, டெய்லரக்காவின் பக்கம் திரும்பினார்.

"அந்த வரைபடம், அது அஞ்சு தாளும்மா. அந்த அஞ்சாவது, நாலு அங்குலப் பட்டை, கிடைச்சிருச்சு."

"எங்கங்க இருந்துச்சு?"

"என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில. குப்புறப் போட்டு, பின்பக்கத்துல போன் நம்பரெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்டது. மூணு வருஷமா அது மேலதான் நான் டீ வெச்சுக் குடிச்சிட்டிருந்தேன்."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அச்சுப் பிழைன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். கணவர் பின்னால் நின்று கண்ணால் கெஞ்சினார். மேஜர், "ஆமாம்மா" என்றார்.

அதன் பிறகு மாமனார் பேச ஆரம்பித்தார். அடுத்த கூட்டத்தில் அவருடைய வாக்குமூலத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றே கால் மணி நேரம் பேசினார். எந்த லாரியில் எந்த கியர் விழாது என்பதிலிருந்து தொடங்கி, எழுபது பீப்பாய்க்கு வந்து சேர்வதற்குள் குமாஸ்தா பேனாவை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிவிட்டார். இடையில் உரையாற்ற எழுந்த மருந்துக்கடைக்காரரை, "நீ உக்காருப்பா, நான் இன்னும் முடிக்கல" என்று மாமனார் உட்காரவைத்தார். அன்றைக்கு முழு ஊரும் அதற்காக அவரிடம் நன்றியோடு இருந்தது.

தோண்டினார்கள். வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஆட்கள் வந்து பத்து நாள் வேலை செய்தார்கள். அறுபத்துநாலு பீப்பாய் வந்தது, பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டையாகி. அவ்வளவுதான், முடிந்தது என்று மேஜர் சொன்னபோது மாமனார் வேலிக்கு வெளியே நின்று, "எழுபது" என்றார். எங்கே என்று கேட்டார்கள். "வாயாலயே சொல்றேன்" என்று கம்பீரமாகச் சொல்லி, விரலாலும் காட்டினார். மிச்சம் ஆறும் அங்கே இருந்தன.

ஆனால் அவர் பேசியதிலேயே கஷ்டமான பேச்சு கூட்டத்தில் நடந்தது அல்ல. கிழக்குத் தெருவில் பதினேழு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்று சொன்னார். டெய்லரக்காவும் கூடப் போனாள். சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் இருந்த பெண்மணி அழுதாள், அழுதுவிட்டு, வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று குடிக்கக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், மாமனாரோடு முப்பது வருஷம் தினமும் சாயங்காலம் நடக்கப் போனவர். அவர் முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மாமனார் தனியாகத்தான் நடக்கப் போனார்.

எட்டு மாதம் கழித்து தெருமுனையில் சுத்திகரிப்பு மெஷினை நிறுவினார்கள். பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை இழுத்து, வடிகட்டி, திரும்ப விடுகிற ஏற்பாடு. வீடுகளுக்குத் தனிக் குழாயும் வந்துவிட்டது. இயக்கி வைக்கும் நாளில் தெருவே கூடியது. பெரிதாக ஏதோ நடக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மண் ஆய்வாளர் பட்டனை அழுத்தினாள். ஒரு பச்சைப் பெட்டி 'ர்ர்ர்' என்றது. அவ்வளவுதான். கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இது எப்பம்மா முடியும்?" என்று கேட்டார் மாமனார்.

"பதினெட்டு வருஷம் ஆகும்ங்க ஐயா."

"அப்ப எனக்குத் தொண்ணூத்தாறு." யோசித்தார். "ம். வர்றேன்."

ஆட்கள் கலைந்தார்கள். தபால்காரர் மட்டும் கலையவில்லை. எதிர் ஓரத்தில் நின்றவர், மெல்ல வந்து, பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றார். மாமனார் அந்தப் பக்கம் நின்றார். நடுவில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"நீ அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார் தபால்காரர், பெட்டியைப் பார்த்து.

"ஆமா."

"ஆமான்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகல."

டெய்லரக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தபால்காரர் கண்ணைச் சுருக்கி, பெட்டியில் இருந்த அளவுமானியை எட்டிப் பார்த்தார்.

"என்னது அது, ஏழா?"

மாமனாரும் குனிந்து பார்த்தார். "ஒண்ணு."

"ஏழுய்யா. மேல கோடு இருக்கு பாரு."

"அது கண்ணாடில இருக்கற கீறல்."

"முப்பது வருஷம் விலாசம் படிச்சவன் நான். எனக்கு ஏழு தெரியாதா?"

மாமனார் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். டெய்லரக்கா இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டு, கடையைத் திறக்கப் போனாள். மேஜருடைய சீருடை இரண்டு, இடுப்பில் ஒரு அங்குலம் விட்டுத் தரச் சொல்லி வந்திருந்தது, மத்தியானத்துக்குள் தர வேண்டும்.